யாரோ எடுத்த படம், நாம் எழுதும் வசனம்: டப்பிங் மாற்றிக் காமெடிப் படம் செய்யும் முறை

ஜப்பானில் 1965-இல் வெளியான ஓர் உளவாளிப் படத்தை எடுத்து, அதன் ஒலியை மொத்தமாகக் கழற்றிவிட்டு, காட்சிகளை இடம் மாற்றி, ஆங்கிலத்தில் தன் இஷ்டத்துக்கு வசனம் எழுதி ஒட்டினார் அமெரிக்க இயக்குநர் உட்டி ஆலன். 1966-இல் 'வாட்ஸ் அப், டைகர் லில்லி?' என்ற பெயரில் அது வந்தது. கோட்டு சூட்டு ஆசாமிகள் துப்பாக்கியோடு துரத்திக்கொள்வதெல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் அவர்கள் உயிரைக் கொடுத்துத் தேடுவது, உலகத்திலேயே அருமையான முட்டை சாலட்டின் செய்முறையை. இந்த வகைப் படத்தின் சூத்திரம் இதுதான். முகத்தைப் பார்த்தால் குடி முழுகிப்போகிற காரியம் மாதிரி இருக்க வேண்டும், வாய் அரைக்காசு பெறாத விஷயத்தைப் பேச வேண்டும்.

சிரிப்பு இந்த முரணில் இருக்கிறதே தவிர ஜோக்கில் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் ஒவ்வொரு உதட்டசைவுக்கும் ஒரு பஞ்ச் எழுதுவதால்தான் இணையத்தில் கிடக்கும் பாதி டப்பிங் காமெடிகள் மூன்றாவது நிமிடத்திலேயே அலுத்துப்போகின்றன.

படம் தேர்வு

காமெடிப் படத்தை எடுக்கவே கூடாது. படத்தில் இருப்பவர் ஏற்கெனவே சிரிக்க வைக்க முயன்றுகொண்டிருந்தால் உங்கள் வசனத்துக்கு வேலை இல்லை. தன்னை மட்டம் என்று தெரிந்துகொண்டே எடுக்கப்பட்ட படமும் உதவாது. காசு செலவழித்து, நெஞ்சை நிமிர்த்தி, முழு நம்பிக்கையோடு எடுத்த நடுத்தரப் படம் வேண்டும். உளவாளிப் படம், குங்ஃபூ, இத்தாலியில் 1960-களில் எடுத்துத் தள்ளிய ஹெர்குலிஸ் வகைப் படங்கள், நீர்மூழ்கிக் கப்பல், பேய் பங்களா எல்லாம் நல்ல சரக்கு.

அடுத்து வாயைப் பாருங்கள். முகமூடி போட்ட வில்லன், முதுகைக் காட்டிப் பேசுகிறவன், வாயை மறைக்கும் டெலிபோன், தொங்கு மீசை, தூரத்து லாங் ஷாட் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. முதுகு காட்டி நிற்கும் ஆள் உங்களுக்குக் கிடைத்த வெற்றுக் காசோலை. அவன் வாயில் எந்த நீளத்துக்கும் எதை வேண்டுமானாலும் போடலாம், கதையை நகர்த்தும் தகவலையெல்லாம் அவனிடம் தள்ளிவிடலாம். மாறாக, இரண்டு பேர் நெருங்கிய குளோசப்பில் ஐந்து நிமிடம் பேசும் காதல் காட்சி ஒரு வாரத்தைத் தின்றுவிடும்.

மொழி தெரியாமல் இருப்பது வசதியே. தெரிந்த மொழியென்றால் மூலக் கதை மண்டையில் ஏறிக்கொண்டு விடாது. சப்டைட்டிலை அணைத்து, ஒலியையும் அணைத்து இரண்டு முறை பாருங்கள். மூன்றாவது முறை பார்க்கும்போது உங்களுக்கே ஒரு கதை தோன்றத் தொடங்கும். தோன்றவில்லையா, படத்தை மாற்றுங்கள்.

உரிமை விவகாரம்

இதை ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடங்கினால் இரண்டு மாத உழைப்பு ஒரே நாளில் முடங்கும். இந்தியாவில் திரைப்படத்துக்குப் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. அதாவது 1965-இல் வெளியான இந்தியப் படம் 2025 முடியும் வரை உரிமைக்குள் இருக்கும். இது படத்துக்கு மட்டும்தான், பாட்டு, இசை, கதை ஆகியவற்றின் கணக்கு வேறு. அமெரிக்காவில் பழைய படங்களுக்கு 95 ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இயக்குநர், திரைக்கதை ஆசிரியர், வசனகர்த்தா, இசையமைப்பாளர் இவர்களில் கடைசியாக இறந்தவரின் காலத்துக்குப் பின் 70 ஆண்டு. யூடியூப் எல்லா நாட்டிலும் ஓடுவதால், படம் பிறந்த நாட்டின் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' 1968-இல் பெயர் மாற்றி வெளியானபோது பதிப்புரிமை அறிவிப்பு விட்டுப்போனது. அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி அதனாலேயே அது பொதுச்சொத்தாகிவிட்டது. முதல் பயிற்சிக்கு அதைப்போன்ற படங்கள் பாதுகாப்பானவை.

'நையாண்டிதானே, விட்டுவிடுவார்கள்' என்ற நம்பிக்கை நம் ஊர்ச் சட்டத்தில் பலமாக நிற்காது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொந்த உபயோகத்தையும் விமர்சனத்தையும் விலக்காகச் சொல்கிறது, நையாண்டியைப் பெயர் சொல்லிச் சொல்லவில்லை. 57-ஆம் பிரிவு, தன் பெயருக்குக் கெடுதல் வரும்படி படைப்பைத் திரித்தால் படைத்தவர் வழக்குப் போட இடம் தருகிறது. யூடியூபில் உரிமையுள்ள படைப்பைத் தானாகவே கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடி ஒலியை மட்டுமல்ல, காட்சியையும் அடையாளம் காணும். ஒலியை மாற்றிவிட்டோம், தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். ஏற்கெனவே தமிழில் டப் ஆன படம் என்றால் அந்தத் தமிழ்க் குரல்களில் ஒரு சொல்லைக்கூட எடுக்காதீர்கள், அது தனி உரிமை.

கோப்பைச் சரிசெய்தல்

சலிப்பான வேலைதான். ஆனால் இங்கே விட்ட பிழை கடைசியில் படம் முழுக்க உதடு நழுவும் நோயாக வந்து நிற்கும்.

சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். டிவிக்கும் இணையத்துக்கும் வந்த பல கோப்புகள் 23.976. ஒலியை 24 என்று நினைத்துத் தயாரித்து 23.976 படத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி நழுவும். முதல் காட்சியில் தெரியாது, இருபதாவது நிமிடத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பேசுவார்கள். பழைய ஐரோப்பிய டிவிடி என்றால் 25 ஃபிரேம், படமே சுமார் 4 சதவீதம் வேகமாக ஓடும். திரைப்பதிவு செய்த கோப்புகளிலும் கைபேசிக் கோப்புகளிலும் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது. ஆகவே எடிட்டிங்கில் கொண்டுவருவதற்கு முன் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். அசைவுகளின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடு தெரிந்தால், அதை நீக்கும் டீஇன்டர்லேஸ் வசதியைப் போடுங்கள். பிறகு படத்தின் ஒரு மூலையில் ஓடும் நேரக் குறியீட்டைப் பதித்து ஒரு வேலைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வசனம் எழுதுகிறவர், குரல் கொடுக்கிறவர், எடிட்டர் மூவரும் ஒரே எண்ணைச் சொல்லிப் பேச இது அவசியம்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும், ஒலிக்கான ஃபேர்லைட் பக்கமும் அதற்குள்ளேயே இருக்கிறது. குரலைத் தனியாகப் பதிவு செய்ய ரீப்பர் அல்லது ஆடாசிட்டி.

கதை

முழுப் படத்தையும் மாற்ற ஆசைப்படாதீர்கள். 90 நிமிடப் படத்திலிருந்து 15 முதல் 20 நிமிடம். அதற்கு மேல் தாங்க வேண்டுமானால் கதை தன் காலில் நிற்க வேண்டும். உட்டி ஆலன் படமே ஒரு மணி நேரத்துக்கென்று திட்டமிட்டது. தயாரிப்பாளர் தரப்பு ஒரு பாப் இசைக்குழு பாடும் காட்சிகளைச் செருகி இழுத்தது, அந்த இடங்களில் படம் தொய்வது இன்றைக்கும் தெரிகிறது.

ஒரே ஒரு அற்ப விஷயத்தைத் தேர்ந்தெடுத்து அதைப் படம் முழுக்க விடாமல் பிடியுங்கள். உதாரணத்துக்கு, கறுப்பு சூட்டு கேங்ஸ்டர் படம் ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் கடத்தல்காரர்கள் இல்லை, அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம். யாரோ மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்துவிட்டார்கள், மாடித் தொட்டி வழிகிறது. இதுதான் குற்றம். இப்போது பெட்டியில் பணம் மாறும் காட்சி பராமரிப்புக் கட்டண பாக்கி ஆகிறது. துறைமுகத்துத் துப்பாக்கிச் சண்டை பொதுக்குழுக் கூட்டம். நாயகி அழுவது, மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்பதற்காக. கதை ஒன்றாக இருந்தால் காட்சி தானாகவே ஜோக்காகிவிடும், நீங்கள் இழுக்க வேண்டாம்.

பிரான்சில் ரெனே வியெனே 1973-இல் ஒரு ஹாங்காங் சண்டைப் படத்தை எடுத்து, தொழிலாளர்கள் அதிகாரவர்க்கத்தோடு நடத்தும் தத்துவப் போராக மாற்றினார். படத்தின் பெயரே 'இயங்கியலால் செங்கல்லை உடைக்க முடியுமா?' உதை வாங்குகிறவன் மார்க்சியக் கலைச்சொல் பேசுகிறான். அரசியல் ஒத்துப்போகிறதோ இல்லையோ, ஒரே கருத்தைப் பிடித்து முழு நீளப் படத்தை ஓட்டும் பிடிவாதத்தை அதில் பார்க்கலாம்.

இன்னொன்று. வேற்று நாட்டவர் பேசும் ஓசையையே கேலி செய்து 'சிங் சங்' என்று மூக்கால் பேசும் பழைய வழக்கம் இந்த வகைப் படங்களில் உண்டு. விட்டுத்தொலையுங்கள். அது நையாண்டி இல்லை, சோம்பேறித்தனம். அவர்களை நம் தெருவில் வசிப்பவர்களாகப் பேச வைப்பதுதான் பத்து மடங்கு சிரிப்பு.

ஷாட் பட்டியல்

வசனம் எழுதுவதற்கு முன் ஒவ்வொரு ஷாட்டையும் விரிதாளில் பதியுங்கள். ஷாட் எண், தொடங்கும் நேரம், வாய் திறக்கும் ஃபிரேம், மூடும் ஃபிரேம், பேசுபவர், வாய் எவ்வளவு தெரிகிறது. கடைசி நெடுவரிசையில் மூன்றே குறி: முழுசாகத் தெரிந்தால் 'மு', பக்கவாட்டிலோ தூரத்திலோ தெரிந்தால் 'பா', தெரியாவிட்டால் 'இ'. 'மு' என்ற இடங்களுக்கு மட்டும்தான் நுணுக்கமான உதட்டுக் கணக்கு தேவை. 'பா' வுக்குத் தொடக்கமும் முடிவும் பொருந்தினால் போதும். 'இ' க்குக் கணக்கே இல்லை. இந்தப் பட்டியல் இல்லாமல் எழுதத் தொடங்குகிறவர்கள் எல்லா ஷாட்டுக்கும் ஒரே உழைப்பைப் போட்டு, தெரியாத வாய்க்காக மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

உதட்டுக் கணக்கு

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். டப்பிங் எழுத்தில் தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் வசதி பெரிது.

பார்ப்பவர் கண் பிடிப்பது எல்லா எழுத்தையும் அல்ல. உதடு ஒட்டும் இடத்தைத்தான் முதலில் பிடிக்கும். தமிழில் உதடு முழுசாக ஒட்டுவது ப, ம இரண்டுக்குத்தான். வ வில் மேல் பல் கீழ் உதட்டைத் தொடும். அடுத்து, வாய் அகலத் திறக்கும் இடம், அங்கே ஆ இருக்க வேண்டும். உதடு குவியும் இடத்தில் ஓ, ஊ. மற்ற மெய்கள் எல்லாம் உள்வாய்க்குள் நடப்பவை, கண்ணுக்குத் தெரியாது.

நம் கேங்ஸ்டர் தலைவனின் குளோசப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 12-ஆவது ஃபிரேமில் வாய் அசையத் தொடங்கி 52-ஆவதில் நிற்கிறது. 40 ஃபிரேம், அதாவது ஏறத்தாழ 1.7 நொடி. அவன் அதட்டும் வேகத்துக்கு நொடிக்கு ஐந்து, ஐந்தரை அசை வரும். ஆக ஒன்பது அசையில் ஒரு வசனம் வேண்டும். 'மோட்டார யாருடா போட்டது?' எண்ணிப் பாருங்கள்: மோட்-டா-ர, யா-ரு-டா, போட்-ட-து. சரியாக ஒன்பது. அசைக்கு நாலரை ஃபிரேம். உதடு ஒட்டுவது முதல் அசையிலும் ஏழாவது அசையிலும், அதாவது 12-ஆவது ஃபிரேமிலும் ஏறக்குறைய 39-ஆவதிலும்.

இப்போது படத்தில் அவன் உதடு 12-இலும் 38-இலும் ஒட்டினால் கும்பிட்டுவிட்டுப் பதிவுக்குப் போகலாம். 25-இலும் 38-இலும் ஒட்டினால்? வசனத்தை மாற்ற வேண்டாம், சொற்களை இடம் மாற்றினால் போதும். 'யாருடா மோட்டார போட்டது?' இப்போது நான்காவது, ஏழாவது அசை. 12-இலும் 25-இலும் ஒட்டுகிறதா? 'மோட்டார போட்டது யாருடா?' மூன்றுமே நாம் வீட்டில் பேசுகிற தமிழ்தான். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று வரிசையில் நிற்க வேண்டிய ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. எழுதும்போது முதல் வேலை, சொல்லை மாற்றுவதற்கு முன் வரிசையை மாற்றிப் பார்ப்பது.

வசனத்தின் வாலில் உதடு ஒட்டினால் அதற்கும் மருந்து உண்டு. ப்பா, ம்மா. 'சொல்லுப்பா', 'கேளும்மா', 'ஏம்ப்பா', 'இல்லப்பா'. எந்த வாக்கியத்தின் கடைசியிலும் ஒட்டிக்கொள்ளும், பொருளைக் கெடுக்காது, வாய் ஒட்டும் கணக்கைத் தீர்த்துவிடும். ஆனால் இரண்டு பேருக்கும் இடையே அந்த உரிமை இருக்க வேண்டும். அடியாள் தலைவனைப் பார்த்து 'இல்லப்பா' என்று சொன்னால் உதடு பொருந்தும், உறவு பொருந்தாது. அங்கே வேறு வழி தேடுங்கள்.

பலர் விழும் குழி ஒன்று. 'வரணும்', 'போடணும்' என்று ம் இல் முடியும் சொற்களைப் பார்த்ததும் உதடு மூடும் என்று நினைத்து எழுதிவிடுவார்கள். பேச்சில் அந்தக் கடைசி ம் மூக்கொலியாகக் கரைந்துவிடும், உதடு மூடவே மூடாது. கண்ணாடி முன் நின்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். எழுதியதை எல்லாம் கண்ணாடி முன் சொல்லிப் பார்ப்பது மொத்தத்திலேயே நல்ல பழக்கம்.

பொருத்தம் எவ்வளவு துல்லியம் வேண்டும்? ஒலி படத்தை முந்தினால் 45 மில்லி நொடியிலேயே உறுத்தத் தொடங்கும். பிந்தினால் 125 மில்லி நொடி வரை பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஒரு ஃபிரேம் சுமார் 42 மில்லி நொடி. ஆக, சந்தேகம் வந்தால் குரலை ஒரு ஃபிரேம் பின்னால் தள்ளுங்கள், முன்னால் தள்ளாதீர்கள்.

இதற்கு நேர் எதிரான பள்ளியும் உண்டு. ஸ்டீவ் ஒடிகெர்க் 2002-இல் செய்த 'குங் பவ்: என்டர் தி ஃபிஸ்ட்' 1976-இன் ஹாங்காங் படம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டது. நாயகன் இருந்த இடத்தில் தன்னையே நுழைத்தார், பெரும்பாலான குரல்களையும் அவரே கொடுத்தார். உதடு பொருந்தாமல் இருப்பதையே ஜோக்காக்கினார். புதிதாக எடுத்த காட்சிகளிலும் நடிகர்களை வேறு எதையோ பேச வைத்து, மேலே வேறு வசனம் போட்டார், பழைய காட்சியோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக. இரண்டு வழியும் சரி. பாதி பொருந்தி, பாதி பொருந்தாமல் விட்டால்தான் பிழை மாதிரி தெரியும்.

எடிட்டிங்கில் செய்யக்கூடிய மோசடிகள்

பேசுபவரைவிடக் கேட்பவர் முகம்தான் உங்கள் மூலதனம். ஓர் அபத்த வசனம் முடிந்ததும், எதிரில் இருப்பவர் இமைக்காமல் பார்க்கும் ஒன்றரை நொடி ஷாட்டைப் போட்டுப் பாருங்கள். வசனத்தைவிட அதற்குத்தான் சிரிப்பு வரும். படத்தை அலசி இப்படிப்பட்ட மௌன முகங்களைத் தனிக் கோப்புறையில் சேர்த்து வையுங்கள். 20 நிமிடப் படத்துக்கு நாற்பது, ஐம்பது முகமாவது கையிருப்பு வேண்டும்.

வாயசைவு நீளமாக இருந்து வசனம் குட்டையாக இருந்தால் ஷாட்டை 110 சதவீத வேகத்தில் ஓட்டலாம், அதற்கு மேல் போனால் நடையில் தெரிந்துவிடும். மெதுவாக்குவது 90 வரை. குளோசப் வேண்டும், படத்தில் இல்லை என்றால் 120 சதவீதம் வரை பெரிதாக்கலாம், அதன் பின் படம் பொத்தலாகும். இருவர் ஒரே திசையைப் பார்த்தால் ஒருவரைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பலாம். திருப்பும் முன் பின்னணியில் பெயர்ப்பலகை இருக்கிறதா, தலை வகிடு மாறுகிறதா, கடிகாரம் எந்தக் கையில் என்று பாருங்கள்.

வேறு வேறு படங்களிலிருந்து ஷாட்டுகளைச் சேர்ப்பது அடுத்த வகுப்புப் பாடம். 1993 டிசம்பர் 31 அன்று பிரான்சின் கனால் பிளஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'லா கிளாஸ் அமெரிகேன்' அப்படிச் செய்தது. மிஷேல் அஸனாவிசியூசும் டொமினிக் மெஸெரெத்தும் வார்னர் நிறுவனத்தின் பழைய ஹாலிவுட் படங்கள் பலவற்றை வெட்டி ஒட்டி, ஜான் வேய்ன் செத்துப்போவதில் தொடங்கும் ஒரே கதையாக்கினார்கள். படத்தின் நிறமும் சட்டையும் ஷாட்டுக்கு ஷாட் மாறும், யாரும் மறைக்க முயலவில்லை. நீங்கள் மறைக்க விரும்பினால் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கி ஒரே அளவு கிரெயின் (ஃபிலிமில் தெரியும் பொடிப் புள்ளிகள்) போடுங்கள்.

குரல்

அந்தப் பிரெஞ்சுப் படத்தின் உண்மையான தந்திரம் வேறு. அந்த நட்சத்திரங்களுக்குப் பல காலமாகப் பிரெஞ்சில் டப்பிங் கொடுத்துவந்த கலைஞர்களையே கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். கேட்டுப் பழகிய கம்பீரக் குரல், உளறலைப் பேசுகிறது.

நமக்கு இதற்குச் சமமான ஒன்று கைவசம் இருக்கிறது: டப்பிங் தமிழ். ஹாலிவுட் படங்களையும் ஆவணப் படங்களையும் தமிழில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த நடை காதில் ஊறியது. 'நான் உன்னை எச்சரிக்கிறேன்', 'இதற்கான விலையை நீ கொடுத்தே தீர வேண்டும்'. வில்லன் அந்த நடையில் 'தொட்டி வழிவதை இனியும் என்னால் அனுமதிக்க முடியாது' என்று சொல்ல, பக்கத்தில் இருக்கும் அடியாள் 'வாட்ச்மேன் லீவு சார்' என்று சாதாரணத் தமிழில் பதில் சொன்னால் போதும். இரண்டு தமிழும் மோதுகிற இடமே ஜோக். எல்லோரையும் ஒரே சென்னைப் பாஷையில் பேச வைத்தால் இந்த மோதல் போய்விடும். வட்டார வழக்கு போடுவதானால் அந்த ஊர் ஆளையே பேச வையுங்கள். திருநெல்வேலி என்று நினைத்து வாக்கியத்துக்கு ஒரு 'லே' போடுவது தேறாது.

பேசுகிறவர் சிரிக்க வைக்க முயலக் கூடாது. உண்மையிலேயே மோட்டார் பற்றிய கோபம் அவருக்கு இருக்க வேண்டும். குரலில் ஒரு துளி குறும்பு தெரிந்தாலும் டேக்கை அழியுங்கள்.

ஒருவர் மூன்று குரல் வரை கொடுக்கலாம், ஆனால் அந்த மூவரும் ஒரே காட்சியில் பேசிக்கொள்ளாமல் பங்கு பிரியுங்கள். மென்பொருளில் சுருதி மாற்றுவதானால் ஏற்றவோ இறக்கவோ இரண்டு அரைச்சுரத்துக்கு மேல் போகாதீர்கள். முடிந்த படத்தின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பதிவுக்கு ஒரு மணி நேரம் என்று ஒதுக்குங்கள், புதியவர்களுக்கு அதுவே பற்றாமல் போகும். அதிகம் பேசும் பாத்திரத்தை முதலில் பதிவு செய்து, மற்றவர்கள் ஹெட்போனில் அதைக் கேட்டுப் பதில் சொல்லட்டும். ஒவ்வொரு வசனத்துக்கும் முன் நொடிக்கு ஒன்றாக மூன்று பீப் வையுங்கள். நான்காவது பீப் வரவேண்டிய இடம் மௌனம், அங்கே பேச்சு தொடங்கும்.

அறை: சீலிங் ஃபேன், ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் மூன்றையும் அணையுங்கள். பக்கத்து வீட்டுக் குக்கர் நேரத்தைத் தவிருங்கள். மெத்தையை மைக்குக்குப் பின்னால் நிறுத்துவது பலர் செய்யும் தவறு. சாதாரண கார்டியாய்ட் மைக் முன்பக்கத்தைத்தான் கேட்கும், ஆகவே எதிரொலி பேசுபவரின் முதுகுப்பக்கச் சுவரிலிருந்து வருகிறது. இலவம்பஞ்சு மெத்தையை அங்கே நிறுத்துங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதற்கு முதுகு காட்டி நின்று பேசினாலும் நன்றாக வரும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். ப என்ற எழுத்தின் காற்று நேராக இடிக்காமல் மைக்கைச் சற்றே ஓரமாகத் திருப்புங்கள். பதிவு அமைப்பு 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட். உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபல். கத்துகிற வசனத்துக்கு அளவைக் குறைத்து, ஆளை இரண்டு சாண் பின்னால் நிறுத்துங்கள், மெதுவாகப் பேசிவிட்டு ஒலியைக் கூட்டினால் கத்தல் ஆகாது.

அடித்தளத்தை மறுபடி கட்டுதல்

பழைய குரலை நீக்கினால் கூடவே காலடி, கதவு, இசை எல்லாம் போய்விடும். முறையான டப்பிங்குக்கு இசையும் ஒலிகளும் மட்டும் கொண்ட தனி டிராக்கைத் தயாரிப்பாளர் கொடுப்பார், நமக்கு அது கிடைக்காது. 5.1 ஒலி (ஆறு தனிச் சேனல்கள்) உள்ள பிரதி என்றால் நடுச் சேனலை அணைத்துப் பாருங்கள், பெரும்பாலும் வசனம் அங்கேதான் இருக்கும். மோனோ என்றால் டீமக்ஸ் போன்ற குரல் பிரிக்கும் கருவி. அது பாட்டுக்காகப் பழக்கப்பட்டது, சினிமா ஒலியில் மூச்சும் வார்த்தை வாலும் பேய் மாதிரி மிஞ்சும். நம் வசனத்துக்கு அடியில் வந்தால் மறைந்துவிடும், மௌனமான இடத்தில் வந்தால் காட்டிக்கொடுக்கும். அங்கே வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

செய்வது கடினமில்லை. ஈரத் துண்டைத் தொடையில் அடித்தால் குத்து. பச்சை முருங்கைக்காயை ஒடித்தால் எலும்பு. இரண்டு எவர்சில்வர் கரண்டிகளை உரசினால் வாள். கொட்டாங்குச்சி குதிரைக் குளம்படி. தட்டில் மணல் பரப்பி விரலால் அழுத்தினால் தெருவில் நடை. மூலப் படத்தில் யாரும் பேசாத, இசையில்லாத இடத்திலிருந்து 20, 30 நொடி வெறும் இரைச்சலை வெட்டி எடுத்து, அதையே சுழல விட்டு முழுப் படத்துக்கும் அடியில் விரியுங்கள். வசனத்துக்கு வசனம் இடைவெளியில் ஒலி சூனியமாகி உறுத்துவது இதனால்தான் நிற்கும்.

பழைய படத்தின் மேல் இன்றைய மைக்கின் துலக்கமான குரல் ஒட்டாமல் மிதக்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 7,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டுங்கள். உட்புறக் காட்சிக்கு அரை நொடிக்குள் எதிரொலி, குகைக்கும் பெரிய மண்டபத்துக்கும் ஒன்றரை நொடி, வெட்டவெளிக்கு எதுவும் வேண்டாம். லாங் ஷாட்டில் குரலை 3 முதல் 6 டெசிபல் குறையுங்கள். பேச்சுக்கு அடியில் இசை 15 டெசிபலாவது தாழ்ந்திருக்கட்டும். மொத்த உரப்பு யூடியூபுக்கு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது. கடைசியில் கைபேசி ஸ்பீக்கரில் ஒரு முறை கேளுங்கள், பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அதில்தான் கேட்கப்போகிறார்கள்.

சோதனை

கதை தெரியாத மூன்று பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்க வேண்டாம், அவர்களைப் பாருங்கள். நேரக் குறியீட்டோடு இரண்டு விஷயங்களை மட்டும் குறியுங்கள்: சிரித்த இடம், கைபேசியை எடுத்த இடம். கைபேசியை எடுத்த இடத்துக்கு முந்தைய அரை நிமிடத்தில்தான் கோளாறு இருக்கும், பெரும்பாலும் வசனம் அதிகமாகியிருக்கும். வாய் அசையாத இடத்தில் மனக்குரல், பின்னணிக் குரல் என்று நிரப்பியிருப்பீர்கள். அதை எடுத்துவிட்டு வெறும் காற்றுச் சத்தத்தோடு விட்டுப் பாருங்கள். சிரித்த இடத்தில் அடுத்த வசனம் காதில் விழாமல் போயிருந்தால் நடுவில் ஒரு மௌன முகத்தைச் செருகி ஒரு நொடி கூட்டுங்கள்.

மோட்டார் ஜோக் மூன்றாவது முறை வரும்போதும் சிரித்தார்களா என்று தனியாகக் கவனியுங்கள். சிரித்திருந்தால் நான்காவதை எடுத்துவிட்டு, கடைசி ஷாட்டுக்குப் பின் கறுப்புத் திரையில் தொட்டி வழிகிற சத்தத்தை மட்டும் பத்து நொடி ஓட விடுங்கள்.